புகை போன திசை

அத்தியாயம் 5

“வெளியே பன்னிரண்டு டிகிரி. ரெண்டு ஸ்வெட்டருக்குள்ள என் பல்லு தாளம் போடுது. இந்த ஊர்ல ஒரு கம்ப்யூட்டர் சூடு தாங்காம நின்னு போச்சுன்னா, ஒண்ணு அதுக்குக் காய்ச்சல் வந்திருக்கணும், இல்ல யார் மேலயோ கோபத்துல இருந்திருக்கணும்” என்றான் சுருளிவேல்.

ஸ்ரீரஞ்சனி சிரிக்கவில்லை. மேஜை மேல் இருந்த கறுப்பு நிற சி.பி.யு. பெட்டியைக் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாலக்காடு கல்பாத்தியில் பிறந்தவள். இருபது வருடம் தீ விபத்து இன்சூரன்ஸ் சர்வேயராக எரிந்த கடைகளையும் கருகிய மோட்டார்களையும் முகர்ந்து பார்த்துவிட்டு, ஐம்பதாவது வயதில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். பூப்பாறைக்காரனான சுருளிவேல் ஆறு வருடமாக அவளுக்கு டிரைவர், உதவியாளர், வாய்.

“காய்ச்சல்னா எங்கேயாவது அனல் இருக்கும்டா. தேடுவோம்” என்றாள்.

அடுத்த அறையில் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஒருவன் முனகும் சத்தம். சுருளிவேலின் கை தானாக முஷ்டியானது.

சின்னக்கானல் மலைச்சரிவில் இருந்த அந்த ரிசார்ட்டின் முதலாளி சுதீப். கல்பாத்தியில் ஸ்ரீரஞ்சனியின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவன். நேற்று அவன்தான் போனில் அழைத்தான். ரிசப்ஷனில் வேலை பார்க்கும் ஆனந்தி என்ற பெண்ணை வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து காணோம். அன்று சாயங்காலம் நாலு பத்திலிருந்து ஐந்து இருபத்தைந்து வரை ரிசார்ட்டின் கேமராக்கள் எதிலும் படம் இல்லை. பத்து கேமராவும் ஓடுவது இந்த ஒரே கம்ப்யூட்டரில்தான். அது சூடேறித் தானாக நின்றுவிட்டது என்றான் சுதீப். இன்று செவ்வாய்க்கிழமை.

கதவைத் திறந்துகொண்டு சுதீப் உள்ளே வந்தான். நாற்பது வயது, சாம்பல் நிற ஜாக்கெட், தூங்காத கண்கள்.

“ரஞ்சனி அக்கா, ஏதாவது தெரிஞ்சுதா? அந்தப் பொண்ணு என் பொறுப்பு. அவ அம்மா அழகுத்தாய் பக்கத்து எஸ்டேட்ல கொழுந்து எடுக்கறவ. அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“போலீஸுக்குச் சொன்னியா?”

“நாலு மணி வரைக்கும் பார்க்கறேன். அப்புறம் ஜிபின் பேர்லதான் கம்ப்ளெயின்ட். வெள்ளிக்கிழமைக்குப் பத்து நாள் முன்னாடி இந்த மெஷினைப் பிரிச்சு சர்வீஸ் பண்ணினது அவன்தான். ஆனந்தி கடைசியா போன் பண்ணினதும் அவனுக்குத்தான். வேணும்னே மெஷினைக் கெடுத்து, கேமராவை நிறுத்தி, பொண்ணைத் தள்ளிண்டு போயிருக்கான். எங்கேன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கோ போதும், மீதியை என் ஆட்கள் கேட்டுப்பா.”

ஒரு வார்த்தை. அதில் ஒருவனின் எலும்பு எத்தனை உடையும் என்று சுருளிவேல் கணக்குப் போட்டான்.

“அவனைக் கூட்டிண்டு வா. மெஷினைப் பத்தி அவனே சொல்லட்டும்” என்றாள் ஸ்ரீரஞ்சனி.

இரண்டு தடியர்கள் ஜிபினைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சூரியநெல்லியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். முப்பது வயதிருக்கும். கீழுதடு கிழிந்து, சட்டைக் காலரில் ரத்தம் காய்ந்திருந்தது.

“இதுல என்ன வேலை பார்த்தே?”

“மேடம், ஆதியம் இது மர அலமாரிக்குள்ள பூட்டி வச்சிருந்தது. காத்துக்கு வழியில்லை. ரோட்டு வேலை நடக்குதில்லே, செம்மண் தூசி முழுக்க உள்ள. ஞான் வெளிய எடுத்து மேஜையில வச்சேன், பின்னாடி ஒரு முழம் இடம் விட்டு. உள்ள சும்மா கிடந்த பழைய ஹார்டுடிஸ்க் கூட்டைக் கழட்டினேன், அது காத்தை மறிச்சு நின்னுச்சு. ஒயரெல்லாம் ஒதுக்கிக் கட்டினேன். முன்னாடி ரெண்டு ஃபேன், உள்ள இழுக்க. அதுக்கு முன்னால தூசி வலை. பின்னாடி ஒரு ஃபேன், வெளிய தள்ள. அத்தரே உள்ளு, அவ்வளவுதான். காத்து முன்னாடி வரணும், சூட்டை எடுத்துக்கிட்டுப் பின்னாடி போகணும்.”

“அப்படித்தான் போறதா?”

“சத்தியமா மேடம்.”

ஸ்ரீரஞ்சனி ரிசப்ஷனுக்குப் போய், பிள்ளையார் படத்தின் முன் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியை எடுத்து வந்தாள். “வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இதை ஓட்டினேளா?”

“அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கே நிறுத்திட்டேன் அக்கா. யாரும் தொடக் கூடாதுன்னு ரூமைப் பூட்டிச் சாவியை நானே வச்சிண்டிருக்கேன்.”

“ஆனந்திகிட்ட சாவி உண்டா?”

“உண்டு. அவளும் இல்லை, அதுவும் இல்லை.”

சுருளிவேல் ஸ்விட்சைப் போட்டான். பெட்டிக்குள் மூன்று விசிறிகளும் முனகலுடன் சுழன்றன. ஸ்ரீரஞ்சனி ஊதுபத்தியை முன்பக்கம் பிடித்தாள். மேலே எழுந்த புகை வளைந்து, வலைக்குள் நூல் போல இழுபட்டது.

“பார்த்தீங்களா” என்று மூச்சு விட்டான் ஜிபின்.

அவள் ஊதுபத்தியைப் பின்பக்கம் கொண்டுபோனாள். புகை வெளியே சிதற வேண்டும். சிதறவில்லை. அங்கேயும் வளைந்து உள்ளேயே போனது.

ஜிபினின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

“முன்னாடியும் உள்ள, பின்னாடியும் உள்ள” என்றான் சுதீப் மெதுவாக. “சூடு எப்படி வெளியே போகும்? ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கான் ராஸ்கல்!”

“ஞானில்ல! ஞான் அப்படி மாட்டலை மேடம்!”

தடியர்கள் அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். சுருளிவேலுக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டது. புகை பொய் சொல்லுமா?

சுதீப்பின் போன் ஒலித்தது. அவன் வராந்தாவுக்கு நகர்ந்ததும், ஸ்ரீரஞ்சனி முன்பக்க வலையில் விரலை வைத்து இழுத்தாள். விரல் நுனி செக்கச்செவேல் என்றானது. பிறகு பெட்டியைத் திருப்பி, பின் விசிறிக்கு மேல் இருந்த கம்பி வலையில் இன்னொரு விரலை வைத்துத் தேய்த்தாள். இரண்டு விரல்களையும் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துடைத்தாள்.

“நெயில் பாலிஷ் பிடிச்சிருக்கா மேடம்?”

“வாயை மூடிண்டு அந்த டெம்பரேச்சரைப் பாரு. பத்து கேமராவையும் ஓட விடு.”

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, மறுபடி மூடினாள். உள்ளே ஒயர்கள் எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் கட்டில் அடங்கி, நடுவே காற்றுக்குப் பாதை விட்டு ஒழுங்காக ஓடின. பின் விசிறியின் ஒயரை மட்டும் ஒரு பச்சை நாடா முடிச்சுப் போட்டுப் பிடித்திருந்தது. இருபது நிமிடம் ஆனது. திரையில் வெப்பம் நாற்பத்தெட்டு, ஐம்பது, ஐம்பத்தொன்று என்று ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அவள் ஜன்னலுக்குப் போய்விட்டாள். கீழே ஷெட்டில் மூன்று ஜீப்புகள் நிற்கும்படி எண் எழுதியிருந்தது. இரண்டுதான் நின்றன.

“சுருளி, வர்ற வழியில ஜங்ஷன்ல ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரை வாசிச்சியே, அது யாரு?”

“ஆசீர்வாதம்னு எஸ்டேட் வாச்சர் மேடம். மூடுபனியில ஏதோ வண்டி அடிச்சுட்டு நிக்காமப் போயிருச்சாம். பாவம், ரோட்டுலயே...” அவன் நிறுத்தினான். “வெள்ளிக்கிழமை சாயங்காலம்.”

“ம்” என்றாள். வந்ததும் சுதீப் மரியாதைக்குக் கொடுத்திருந்த தேயிலைப் பொட்டலத்தைக் கையில் எடுத்து, “டீ நன்னாயிருக்குமோ?” என்று அதன் நாடாவை நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த அறையில் ஒருவன் அடிவாங்கும்போது டீயைப் பற்றிக் கேட்கிறாளே என்று சுருளிவேலுக்கு எரிச்சலாக வந்தது.

சுதீப் திரும்பி வந்தான். “என்னக்கா முடிவு?”

“சொல்றேன். ஆமா, மூணாவது ஜீப் எங்கேடா? மத்தியானம் அந்தப் பொண்ணோட அம்மாவைப் போய்ப் பார்க்கணும். என் கார் அந்த ரோட்டுல ஏறாது.”

“அது கோவிந்தாபுரத்துல தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்ல இருக்கு அக்கா. சின்ன வேலை.”

சுருளிவேலுக்கு நாக்கு அரித்தது. பூப்பாறையில் நாலு ஒர்க்‌ஷாப் இருக்க, சின்ன வேலைக்கு மலை இறங்கிப் பாலக்காட்டு எல்லை வரைக்குமா? ஆனால் ஸ்ரீரஞ்சனி தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள்.

“ஃபேன் திரும்பித்தான் இருக்கு. பத்து நாளா சூடு வெளியே போக வழியில்லாம இருந்து, வெள்ளிக்கிழமை நின்னுடுத்து. அவ்வளவுதான் விஷயம்.”

“மேடம், ஆனா டெம்பரேச்சர் ஐம்பத்...”

அவள் செருப்பு அவன் பாதத்தின் மேல் ஏறி அழுத்தியது. “சுருளி, போய்க் காரை எடு.”

அவன் அசையவில்லை. சுதீப்பின் தோள்கள் இரண்டு அங்குலம் இறங்கியதை மட்டும் கவனித்தான். நாலு நாளாகத் தூக்கி நின்ற தோள்கள்.

“அப்போ ஜிபின்தான்!” என்றான் சுதீப்.

“ஜிபின்தான். ஆனா இங்கே வச்சு அடிச்சா அவன் சொல்ல மாட்டான். உதடு கிழிஞ்சவனை நாலு மணிக்குப் போலீஸ்ல கொண்டு நிறுத்தினா, முதல் கேள்வி உனக்குத்தான் வரும். அவனை என்கிட்ட விடு. போற வழியில பேசிப் பொண்ணு எங்கேன்னு வாங்கறேன்.”

சுதீப் யோசித்தான். தடியர்களில் ஒருவன் வாசற்படியில் வந்து நின்று கதவை அடைத்துக்கொண்டான். சுவர்க்கடிகாரத்தின் சத்தம் சுருளிவேலின் காதில் சுத்தியலாக விழுந்தது.

“எங்கேன்னு தெரிஞ்சதும் எனக்குத்தான் முதல்ல சொல்லணும் அக்கா.”

“நீதானே என் கட்சிக்காரன்? வேற யாருக்குச் சொல்லப் போறேன்?”

“சரி. கூட்டிண்டு போங்கோ.”

“அந்தப் பின்னாடி ஃபேனையும், அது மேல இருக்கற கம்பி வலையையும், முன்னாடி தூசி வலையையும் கழட்டித் தா. கேஸுன்னு வந்தா நான்தானே சாட்சி சொல்லணும், ஜிபின் எப்படி மாட்டியிருந்தான்னு?”

சுதீப்புக்கு அது பிடித்திருந்தது. அவனே ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்து கழற்றினான். மூன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு, ஓர் அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தான்.

கார் ரிசார்ட் வாசலைத் தாண்டி முதல் வளைவு திரும்பியது. பின் சீட்டில் ஜிபின் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

“மேடம், நான் சோத்துக்கு வழியில்லாம இருந்தப்பகூட ஒருத்தனை வித்ததில்லை” என்றான் சுருளிவேல், ரோட்டைப் பார்த்தபடியே. “ஐம்பத்தொரு டிகிரிக்கு மேல அந்த மெஷின் ஏறவே இல்லை. ஃபேன் திரும்பியிருந்தும் ஏறலை. அப்படின்னா வெள்ளிக்கிழமை அது சூட்டுல நிக்கலை. நீங்க பார்த்தீங்க, நானும் பார்த்தேன். பிறகு எதுக்கு இவன் தலையில...”

“கையை நீட்டு.”

அவள் கவரைத் திறந்து முன்பக்க வலையை அவன் விரலில் தேய்த்தாள். செம்மண். பிறகு பின்பக்கக் கம்பி வலையைத் தேய்த்தாள். ஒன்றுமில்லை.

“பத்து நாளா ரெண்டு பக்கமும் காத்தை உள்ள இழுத்திருந்தா ரெண்டு வலையிலும் தாடி வளர்ந்திருக்கணும். முன்னாடி வளர்ந்திருக்கு. பின்னாடி மழமழன்னு இருக்கு. ஏன்?”

சுருளிவேல் பிரேக்கை மிதித்தான். “பின் ஃபேன் அத்தனை நாளும் வெளிய தள்ளிக்கிட்டுதான் இருந்திருக்கு! மெஷினை நிறுத்தினதுக்கு அப்புறம்தான் யாரோ திருப்பியிருக்காய்ங்க!”

“வண்டியை ஓட்டு. யாரோன்னு என்ன, ஜிபின் எல்லா ஒயரையும் கறுப்புக் கட்டுல கட்டினான். இந்த ஒரு ஒயர்ல பச்சை நாடா. சுதீப் விருந்தாளிக்குக் கொடுக்கற டீப் பொட்டலத்துல சுத்தியிருக்கற அதே நாடா. கட்டை வெட்டி ஃபேனைத் திருப்பினவனுக்கு மறுபடி கட்ட அதுதான் கையில கிடைச்சது. ரூம் சாவி ரெண்டு. ஒண்ணு வெள்ளிக்கிழமையே ஓடிப்போனவகிட்ட.”

ஜிபின் தலையை நிமிர்த்தினான்.

“கேமரா சூட்டுல நிக்கலை, சுதீப் கையால நின்னுது” என்றாள் ஸ்ரீரஞ்சனி. “வாச்சர் செத்ததும் வெள்ளிக்கிழமை, கேமரா நின்னதும் வெள்ளிக்கிழமை, ஒரு ஜீப் இருக்கற இடத்துலேர்ந்து இத்தனை தூரத்துல ஒளிஞ்சிண்டிருக்கு. அடிபட்ட ஜீப்பை உள்ள கொண்டுவந்து, மூடி, மலை இறக்கி விடற வரைக்கும் கேமரா நிக்கணும். அப்புறம் யாராவது அந்த ஒண்ணேகால் மணி நேரம் எங்கேன்னு கேட்டா ஒரு காரணம் வேணும். யூடியூப்ல பத்து நிமிஷம் பார்த்தா ஃபேனை எப்படி மாட்டக் கூடாதுன்னு தெரிஞ்சுடும். காரணத்துக்கு ஒரு கையெழுத்து வேணும், அதுக்கு என்னைக் கூப்பிட்டான். ஒரே தெருக்காரி, தட்ட மாட்டான்னு.”

“அப்போ ஆனந்தி?”

“பார்த்திருப்பா. அதனாலதான் தேடறான்.”

ஜிபினின் கிழிந்த உதடு துடித்தது. “மேடம், அவள் எங்கேன்னு ஞான்...”

“சொல்லாதே!” அவள் கையை உயர்த்தினாள். “நான் இன்னும் சுதீப்போட ஆள். தெரிஞ்சா அவன்கிட்ட சொல்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

அவள் போனை எடுத்தாள். சுருளிவேல் ஒரு கையை நீட்டி மறித்தான். “மேடம், வேணாம். தேவிகுளம் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டுப் பண்ணுங்க...”

“சுதீப், ரஞ்சனி அக்கா பேசறேன். உன் கேஸை இந்த நிமிஷத்தோட விட்டுட்டேன். இனி உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லை.”

“அந்த ஃபேனை எதுக்கு வாங்கிண்டு போனேள் அக்கா?”

“பின் வலையில தூசி இல்லடா.”

போன் துண்டிக்கப்பட்டது.

“பத்து நிமிஷம் கழிச்சு விட்டிருந்தா உங்க நேர்மை துருவா பிடிச்சிருக்கும்?” என்று கத்தினான் சுருளிவேல், கியரை மாற்றியபடி.

“இப்போ சொல்லு ஜிபின். எங்கே?”

“அடுத்த வளைவுல நிறுத்துங்க.”

வளைவுக்குக் கீழே பச்சைச் சரிவில் நாற்பது பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவும் தலையில் துண்டுமாகக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஜிபின் இறங்கி விசிலடித்தான். முதலில் மேலே ஏறி வந்தது ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி. கொழுந்து வெட்டும் கத்தரியைக் கீழே வைக்காமலே காருக்கு முன்னால் நின்றாள். அழகுத்தாய்.

“யாரு தம்பி இவுக?”

“நம்ம ஆளுதான் அம்மச்சி. ஆனந்தியை வரச் சொல்லுங்க. சமயம் இல்லை.”

அழகுத்தாய் ஸ்ரீரஞ்சனியின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே, “ஏத்தா, ஏறி வா” என்றாள்.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்தபடி வந்தாள். நாலு நாளாகக் கத்தரி பிடித்துப் பழக்கமில்லாத கையில் கொப்புளங்கள். சுதீப்பின் ஆட்கள் ஜங்ஷனிலும் பஸ் ஸ்டாப்பிலும் வீட்டு வாசலிலும் காவல் நிற்க, அவள் காலையும் மாலையும் அவர்கள் கண்ணெதிரே இந்தக் கும்பலோடு நடந்து போய் வந்திருக்கிறாள். இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய போனை எடுத்தாள். திரையில் முன் விளக்கு நொறுங்கிய ஜீப். ஸ்டியரிங்கிலிருந்து இறங்கும் சுதீப்.

“படம் எடுத்ததை அவரு பார்த்துட்டாரு. ஓடி வந்துட்டேன். கேமரா ஆப்பாயிருச்சே, இது ஒண்ணை வச்சு யாரு நம்புவாங்கன்னு ஜிபின் அண்ணன்கிட்ட கேட்டேன். வெள்ளிக்கிழமை எடுத்த படம்தான்னு நான் சொல்றதுக்கு வேற சாட்சியே இல்லீங்க.”

“கேமரா ஏன் நின்னதுங்கறதுக்குச் சாட்சி இந்தப் பெட்டியில இருக்கு” என்றாள் ஸ்ரீரஞ்சனி. “ஏறு.”

மேலே, மூன்று வளைவுகளுக்கு அப்பால், ஒரு ஜீப் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது. சுருளிவேல் நிமிர்ந்து பார்த்தான். சிவப்பு ஜீப். உள்ளே தடியர்கள் இருவரும், டிரைவர் சீட்டில் சாம்பல் நிற ஜாக்கெட்டும்.

“மேடம், நம்ம காருக்கு வயசு பதினாலு. அந்த ஜீப்புக்கு நாலு வீலும் இழுக்கும்.”

அழகுத்தாய் அதைக் கேட்டாள். சரிவின் விளிம்புக்குப் போய்க் குரல் கொடுத்தாள். “ஏய், எல்லாரும் ரோட்டுக்கு ஏறுங்கடி! சாக்கைத் தூக்கிக்கிட்டு ஏறுங்க!”

நாற்பது பேரும் ஏறினார்கள். கொழுந்து மூட்டைகளை ரோட்டில் குறுக்கே வரிசையாக இறக்கிவிட்டு, அவற்றின் மேலேயே உட்கார்ந்தார்கள். ஆசீர்வாதத்தின் மனைவியும் அந்த வரிசையில் இருந்தாள் என்று ஆனந்தி காருக்குள் ஏறும்போது சொன்னாள்.

சுருளிவேல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். கண்ணாடியில் சிவப்பு ஜீப் வளைவு திரும்பி, கிறீச்சிட்டு நின்றது. ஹாரன் அலறியது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அழகுத்தாய் கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு, வெற்றிலைப் பையை அவிழ்த்தாள்.

“தேவிகுளம் கோர்ட்டுக்கு, மாஜிஸ்ட்ரேட்கிட்ட நேரா வாக்குமூலம் கொடுக்க, எவ்வளவு நேரம்?”

“உங்க ராஜினாமா மாதிரி வேறெதுவும் குறுக்க வரலைன்னா ஒண்ணரை மணி நேரம்.”

ஸ்ரீரஞ்சனி நோட்டைத் திறந்து ஆனந்தியின் பக்கம் திரும்பினாள். “உன் பேர், வயசு, அப்புறம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நீ எங்கே நின்னுண்டிருந்தேங்கறது. அங்கேர்ந்து ஆரம்பி. அவசரப்படாதே.”

“என் பேரு ஆனந்தி. வயசு இருபத்து நாலு” என்று தொடங்கினாள். குரல் நடுங்கியது. நின்று, எச்சில் விழுங்கி, மறுபடி தொடங்கினாள். மூன்றாவது வளைவு தாண்டும்போது அந்தக் குரலில் நடுக்கம் இல்லை.